நாற்பத்தோராவது கை

சான் டிமாஸில் ஜீப் என்னை இறக்கிவிட்டபோது காலை பதினொரு மணி இருக்கும். எஞ்சின் அணைந்ததும் ஊரில் வேறு சத்தமே இல்லை என்பது உறைத்தது. செம்மண் சதுக்கம், நாலு பக்கமும் ஓட்டு வீடுகள், ஓரத்தில் வயிறு பெருத்த ஒரு டொபொரோச்சி மரம், கிழக்கே சேசு சபைச் சாமியார்கள் கட்டிவைத்துவிட்டுப் போன மரத்தூண் கோயில். எங்கள் பக்கத்து மிஷன் ஊர்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. கண்ணைக் கட்டி விட்டாலும் கோயில் வாசலைக் கண்டுபிடித்துவிடுவேன்.

டிரைவர் வில்பர் பின்பக்கம் ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"ஹெர்மினியா, ஒரு குப்பி உடைஞ்சிருக்கு. ஆத்துல வண்டி குதிச்சப்பவே எனக்குப் பக்குனு இருந்துச்சு."

ஐந்து குப்பி கொண்டுவந்தேன். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. மிச்சம் நாலு. என் பையில் இருந்த பட்டியலில் நாற்பது பிள்ளைகள்.

"சரியாத்தான் இருக்கு," என்றேன். "ஒரு சொட்டு சிந்தாம போட்டா போதும்."

"நாலு நாள்ல வந்துர்றேன். ஆறு வழி விட்டா."

அந்த மாதத் தொடக்கத்தில் ஒரு மாட்டுப் பண்ணை ஆள் உடம்பெல்லாம் தட்டம்மையோடு இந்த ஊரில் இரண்டு நாள் தங்கிப் போயிருந்தான். அதனால்தான் இந்த அவசரம். மழைக்காலம் என்று பார்க்காமல் என்னை அனுப்பிவிட்டார்கள்.

சாவிக்கொத்தோடு வந்தவர் கோயில்பிள்ளை நாசாரியோ மசாயி. அறுபது வயதிருக்கும். மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, கோயிலைப் பூட்டுவது எல்லாம் தலைமுறை தலைமுறையாக அவர் குடும்பத்து வேலை. கோயிலை ஒட்டிச் சாமியார்கள் குடியிருந்த பழைய கட்டடத்தில் எனக்கு ஓர் அறையைத் திறந்துவிட்டார்.

"எத்தனை ஊசி கொண்டாந்திருக்கீங்க நர்சம்மா?"

"நாப்பது."

"பிள்ளைங்க?"

"நாப்பது."

அவர் சாவியை விரலில் சுழற்றினார். "ஒண்ணு எச்சா வெச்சிருக்கலாம்," என்றார்.

அறை இருட்டாக இருந்தது. முழ அகலத்துக்கு மண்சுவர், உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். வௌவால் எச்சமும் பழைய தேன்மெழுகும் கலந்த வாடை. அதற்கடியில் வேறொன்று, ஈரச் சுண்ணாம்பு வாடை, நேற்றுதான் யாரோ வெள்ளையடித்துவிட்டுப் போனமாதிரி. தொட்டுப் பார்த்தேன். சுவர் காய்ந்து பொருக்காக உதிர்ந்தது. பின்சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு நீள்சதுரமாக நிறம் மாறியிருந்தது. எப்போதோ அங்கே ஒரு கதவு இருந்து, அடைத்திருக்கிறார்கள்.

"மத்தியானத்துல யாராச்சும் கதவைத் தட்டினா திறக்காதீங்க," என்றார் நாசாரியோ.

"ஏன்?"

"வெயிலு. ஊரே தூங்குற நேரம். அந்நேரத்துக்கு வர்ற பிள்ளை நம்ம ஊர்ப் பிள்ளையா இருக்காது."

வேடிக்கைக்குச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். அவர் அதற்குள் திரும்பிவிட்டார்.

சாப்பாடு அவர் வீட்டில். மகன் பிரேசில் பக்கம் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. மருமகள் பெர்பெத்துவாவும் மாமனாரும் மட்டும்தான். அவள் உப்புக்கண்டமும் வாழைக்காயும் சேர்த்து இடித்த மசாக்கோவை மூன்று தட்டில் வைத்தாள். பிறகு நாலாவதாக ஒரு சின்னத் தட்டு. அதை வாழையிலையால் மூடிப் பின்வாசல் வழியாக எடுத்துப் போனாள்.

"நாய்க்கா?" என்று கேட்டேன்.

"ம்," என்றாள்.

அந்த வீட்டில் நாய் இல்லை. குரைத்ததும் இல்லை, காலில் வந்து உரசியதும் இல்லை. இருபது வருடம் ஊர் ஊராகப் போய் ஊசி போட்டவள் நான். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் நாயைத்தான் தேடுவேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் மேசை போட்டேன். ஊர் வாத்தியார் கசியானோ பட்டியலோடு வந்தார். ஒல்லியான மனிதர், மனைவியை இழந்தவர், ஆறு வயதில் யோவானா என்று ஒரே மகள். அவளைப் பட்டியலில் கடைசியாக எழுதியிருந்தார்.

"வாத்தியார் மகள்னு முதல்ல நிறுத்திட்டான்னு நாளைக்குப் பேச்சு வரக் கூடாது பாருங்க," என்றார்.

பெயர் கூப்பிடுவார், பிள்ளை வரும், இடக்கையில் ஊசி, சுண்டுவிரலில் ஊதா மை. அழுத பயல்களை அவர் விடவில்லை. "அழுதா நர்சம்மா இன்னொண்ணு போடுவாங்கடா. வேணுமா?" வரிசையே சிரித்தது. தன் பேரனைப் பிடித்து வந்த ஒரு பெண்மணி, "எனக்கும் ஒண்ணு போடுங்களேன், முட்டி வலிக்குது," என்றாள். யோவானா மேசைக்கடியில் உட்கார்ந்து, நான் போடும் காலிப் பஞ்சுப் பொட்டலங்களை அடுக்கி வீடு கட்டிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு மணிக்குள் முப்பத்து மூன்று பேருக்கு முடிந்தது. நாலாவது குப்பியில் இன்னும் ஏழு பேருக்கு இருந்தது. சாப்பிட்டு இரண்டு மணிக்கு வரச்சொல்லி வாத்தியார் எல்லாரையும் அனுப்பினார். கலக்கிய மருந்தை விட்டு நகரக் கூடாது என்பதால் நான் மட்டும் மேசையில் இருந்தேன்.

வெயில் சதுக்கத்தில் வெள்ளையாக நின்றது. ஈக்கள்கூட அடங்கிவிட்டன.

தலையை நிமிர்த்தியபோது தூணருகே ஒரு பெண் நின்றிருந்தாள். ஒன்பது பத்து வயது. தோளிலிருந்து கணுக்கால்வரை தொங்கும் வெள்ளைப் பருத்தி அங்கி. முடியை ஒட்ட வெட்டியிருந்தது. முகமெல்லாம் பள்ளப் பள்ளமாகத் தழும்பு.

தாமதமாக வந்த பிள்ளை என்று நினைத்தேன். "வா, பயப்படாத. பேரென்ன?"

"இக்னாசியா."

குரல் கம்மலாக இருந்தது. எங்கள் பழைய பாஷையில் பேசினாள். என் அம்மா பேசிக் கேட்ட பாஷை என்பதால் எனக்குப் புரிந்தது.

"யார் வீட்டுப் பிள்ளை?"

கோயில்பிள்ளை வீட்டுப் பக்கம் முகவாயைத் திருப்பிக் காட்டினாள். "அங்க சாப்பிடுறேன்."

கையைப் பிடித்தேன். அந்த வெயிலில் அந்தக் கை, பானைக்கடியில் கிடந்த ஈர மணல்போல் சில்லென்று இருந்தது. ஊசி இறங்கியபோது சதைக்குள் போகிறமாதிரியே இல்லை. காய்ந்த சோளத்தோகையைக் குத்துவதுபோல் சரக்கென்றது. ரத்தம் ஒரு பொட்டுகூட வரவில்லை. எத்தனை நாள் பட்டினியோ என்று நினைத்தேன். பஞ்சை வைத்து, "இதை அழுத்திப் பிடிச்சுக்க," என்றேன்.

பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"இதைப் போட்டா கதவைத் திறந்து விடுவாங்களா?"

"எந்தக் கதவு?"

தாழ்வாரத்தின் ஓரமாகவே நடந்து கட்டடத்தின் பின்பக்கம் திரும்பிவிட்டாள். மை வைக்க மறந்துவிட்டேன் என்று அப்போதுதான் நினைவு வந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். பின்பக்கம் யாரும் இல்லை.

மூன்று மணிக்கு முப்பத்தொன்பதாவது பெயரையும் கூப்பிட்டு முடித்தோம். யோவானா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து நின்றாள். குப்பி காலி.

வாத்தியார் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நாப்பது பேரு, நாப்பது ஊசின்னு நேத்து சொன்னீங்க."

"மத்தியானம் ஒரு பொண்ணு வந்தா. இக்னாசியா. பட்டியல்ல இருப்பான்னு நினைச்சுப் போட்டுட்டேன்."

"என் பள்ளிக்கூடத்துல இக்னாசியாங்கிற பேரே கிடையாது."

"வெள்ளை அங்கி. முடி வெட்டி..."

"அந்த அங்கியை இப்ப கிழவிங்ககூடத் திருவிழாவுக்குத்தான் எடுக்கிறாங்க." அவர் குரல் தணிந்தது. "மத்தியானம் மாட்டுப் பண்ணை முதலாளி வண்டி சத்தம் கேட்டுச்சு. அவர் வீட்லயும் ஒரு பிள்ளை இருக்கு. காசுக்குக் குடுத்திருந்தா உண்மையைச் சொல்லிடுங்க நர்சம்மா, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

என்னை அப்படி யாரும் அதுவரை கேட்டதில்லை. முகம் சுட்டது. பெட்டியை மூடினேன்.

அன்று முழுக்க எனக்கு ஒரே யோசனை. பட்டியலில் இல்லாத பிள்ளை. பட்டினி, தழும்பு, வெட்டிய முடி, திறக்காத கதவு. வீட்டில் இரண்டே பேர், ஆனால் மூடியெடுத்துப் போகும் ஒரு தட்டு. இப்படிப்பட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். சொந்தக்காரர் வீட்டுக்கு வேலைக்கென்று வந்து, வெளியே முகம் காட்டாமலே வளரும் பிள்ளைகள்.

மறுநாள் பகல் பன்னிரண்டுக்கு என் அறையிலிருந்து சத்தமில்லாமல் இறங்கிக் கட்டடத்தின் பின்பக்கம் போய், எலுமிச்சை மரத்துக்குப் பின்னால் நின்றேன். பெர்பெத்துவா தட்டோடு வந்தாள். கொடியில் ஒரு சின்ன வெள்ளை அங்கி காய்ந்துகொண்டிருந்தது. அவள் குனிந்து தட்டைச் சுவரடியில் வைத்தாள். அது என் அறையின் பின்சுவருக்கு நேர் பின்னால் இருந்த இடம்.

"யாரை உள்ள வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

அவள் திடுக்கிடவில்லை. பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "நாங்க வைக்கல நர்சம்மா. நாங்க சோறும் துணியும் மட்டும்தான் வெக்கிறோம்."

"நகரத்துக்குப் போனதும் பிள்ளைகள் பாதுகாப்பு ஆபீஸ்ல எழுதிக் கொடுப்பேன். போலீஸோட வருவாங்க."

பின்னாலிருந்து நாசாரியோவின் குரல் வந்தது. "அவ முகத்துல தழும்பு இருந்துச்சா?"

நான் திரும்பினேன்.

"இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு."

அவர் மரத்தடியில் உட்கார்ந்தார். வேண்டாவெறுப்பாகத்தான் சொன்னார். இருநூறு வருடத்துக்கும் முன்னால், சேசு சபைச் சாமியார்களை அந்தக் காலத்து ராஜா உத்தரவில் துரத்திவிட்ட பிறகு, ஊர் தன்னந்தனியாக இருந்த காலத்தில் பெரியம்மை வந்தது. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, நோய் கண்ட பிள்ளைகளை மட்டும் என் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த உள்ளறைக்குள் விட்டுக் கதவை மூடினார்கள். பிறகு திறக்கப் பயந்தார்கள். பிறகு மண்கல் வைத்து அடைத்தார்கள்.

"சுண்ணாம்பு குழைச்சது எங்க வீட்டு ஆளு. சாமியாருங்க செய்யல. ராஜா ஆளுங்க செய்யல. நாங்கதான் செஞ்சோம். அன்னையிலேருந்து தட்டு வெக்கிறோம்."

"ஒரே ஒரு தட்டா?"

"வெளிய வர்றது ஒருத்திதான். மத்ததுங்க எல்லாம் பொடிசு. அவ வாங்கிட்டுப் போய்க் குடுப்பா." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நம்ப மாட்டீங்க. தெரியும்."

நம்பவில்லை. பிள்ளையை மறைக்கிறவர்கள் சொல்லும் கதைகள் எத்தனையோ கேட்டிருக்கிறேன். நேரே வாத்தியாரிடம் போனேன். எங்கள் இருவருக்குள்ளும் பேச்சு இல்லை. இருந்தும் போனேன்.

"உங்களுக்கு என்மேல சந்தேகம். எனக்கு அவங்கமேல சந்தேகம். அந்தச் சுவரை உடைச்சா ரெண்டும் தீரும்."

அவர் கடப்பாரையை எடுத்துவந்தார்.

என் அறைக்குள்ளிருந்தே உடைத்தோம். நாசாரியோ தடுக்கவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முதல் மண்கல் பெயர்ந்தபோது சொன்னார்:

"திறக்கிறது தப்பில்ல. இத்தனை காலம் எங்களுக்குத்தான் தைரியம் வரல. ஆனா திறந்துட்டா திரும்ப மூடக் கூடாது நர்சம்மா."

சுவர் கடப்பாரைக்கு எளிதாக வழிவிட்டது. உள்ளே மூச்சடைக்கும் தூசி. ஈரச் சுண்ணாம்பு வாடை முகத்தில் அடித்தது. வாத்தியார் லாந்தரை உள்ளே நீட்டினார்.

பிள்ளை யாரும் இல்லை. வெளியே போக வேறு வழியும் இல்லை. எட்டடிக்குப் பத்தடி, ஜன்னல் இல்லாத அறை. சுவரில் என் இடுப்புக்குக் கீழே, சுற்றிலும், சுண்ணாம்பில் பதிந்து காய்ந்த சின்னச் சின்னக் கைகள். மண்தரை அங்கங்கே மேடாக இருந்தது. சின்ன மேடுகள். நான் எண்ணவில்லை.

முதல் மேட்டின்மேல் ஒரு பஞ்சு கிடந்தது.

குனிந்து எடுத்தேன். வெள்ளைவெளேரென்ற பஞ்சு. தூசி ஒட்டவில்லை. மூக்கருகே கொண்டுபோனேன்.

ஸ்பிரிட் வாடை இன்னும் போகவில்லை.

வாத்தியார் பஞ்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அதற்குப்பின் அந்த ஊசி எங்கே போனது என்று அவர் என்னைக் கேட்டதே இல்லை.

அன்று மாலையே யோவானாவுக்குக் காய்ச்சல்.

கண் சிவந்து, மூக்கு ஒழுகி, வாய்க்குள் வெள்ளைப் பொட்டுகள். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. பண்ணை ஆளிடமிருந்து எப்போதோ தொற்றியாகிவிட்டது. நேற்று ஊசி போட்டிருந்தாலும் இந்தக் காய்ச்சல் நின்றிருக்காது. இதை வாத்தியாரிடம் சொன்னேன். தலையாட்டினார். ஆனால் அவர் கண் மேசைமேல் இருந்த காலிக் குப்பியில்தான் இருந்தது.

ஊசி போட்ட பிள்ளைகளுக்கு அது வேலை செய்யப் பத்து நாளாவது ஆகும். ஒரு வயதுக்குக் கீழே இருக்கிற குழந்தைகளுக்கு ஊசியே கிடையாது. அப்படி ஊரில் ஆறு பேர். யோவானாவைத் தனியாக வைத்தாக வேண்டும். தனியாக வைக்க ஊரில் இருந்தது ஒரே இடம்.

நான்தான் சொன்னேன். யாரும் என்னை நிர்ப்பந்திக்கவில்லை. என் கட்டிலில் அவளைப் படுக்கவைத்தோம். உடைத்த திறப்பில் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டோம்.

இதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஆறு நிரம்பி ஜீப் வரவில்லை. பள்ளிக்கூடத்து ரேடியோவில் பகல் பன்னிரண்டுக்கு மட்டும்தான் நகரத்து ஆஸ்பத்திரி கிடைக்கும். தினமும் அந்நேரம் ஓடுவேன். "தண்ணி வடியட்டும்," என்பார்கள்.

நான் வந்த ஆறாம் நாள் உடம்பெல்லாம் அம்மை பொரிந்து, அவளுக்கு மூச்சு வாங்கியது. விலா உள்வாங்கியது. மூன்று நாளாகத் தூங்காத வாத்தியார் நின்றபடியே சரிந்துவிழ, நாசாரியோ அவரைத் தன் வீட்டில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார். பெர்பெத்துவா வெந்நீர் வைக்கப் போனாள். மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. காலையில்தான் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை ஒன்று தவழ்ந்து என் அறைக்குள் வந்து கட்டில் காலைப் பிடித்து நின்றிருந்தது. மறுபடி வந்தால்?

வாசலில் நின்று யோசித்தேன். பத்து நிமிஷ வேலை.

கதவை இழுத்துச் சாத்தி, வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

ரேடியோ கரகரத்துக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரி கிடைக்க முக்கால் மணி ஆனது. மருந்து எழுதிக்கொண்டு சேற்றில் ஓடிவந்தேன். சதுக்கத்தில் யாரும் இல்லை. மழை விட்டிருந்தது.

கதவருகே வந்ததும் நின்றேன்.

உள்ளே பேச்சுக்குரல்.

ஒன்று யோவானாவின் குரல், பலவீனமாக. இன்னொன்று கம்மலான குரல், பழைய பாஷையில். எனக்குப் புரிந்தது.

"நான் மட்டும் போறேன். நீ இவங்களைப் பாத்துக்கோ."

"சரி," என்றது யோவானாவின் குரல். அவளுக்கு அந்தப் பாஷை தெரியாது.

பிறகு நிறையப் பொடிக்குரல்கள் ஒன்றாக முனகின. பிறகு ஒன்றுமில்லை.

தாழ்ப்பாளை இழுத்தேன். வரவில்லை. விரலில் ஏதோ ஈரமாக ஒட்டியது. சுண்ணாம்பு. கதவிடுக்கு முழுக்க, வெள்ளையாக, ஈரமாக.

எப்படித் திறந்தேன் என்று தெரியவில்லை. நகம் இரண்டு பெயர்ந்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

யோவானா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். திறப்பில் தொங்கிய கம்பளி மடித்துக் காலடியில் வைத்திருந்தது. நெற்றியைத் தொட்டேன். காய்ச்சல் இல்லை. மூச்சு சீராக இருந்தது. கை கொஞ்சம் குளிர்ந்திருந்தது, வியர்த்து அடங்கியதால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைக்க விரும்பினேன்.

"பசிக்குது," என்றாள்.

இரண்டு தட்டு மசாக்கோ சாப்பிட்டாள். வாத்தியார் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஊர் ஜனம் வாசலில் கூடிச் சிரித்தது. நாசாரியோ கோயில் மணியை அடித்தார். அடித்துவிட்டு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கதவை மூடினீங்களா?"

"இல்ல," என்றேன்.

அந்த ஊரில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

அதற்கு மூன்றாம் நாள் ஜீப் வந்தது. ஏறும்போது பெர்பெத்துவா பக்கத்தில் வந்தாள்.

"மூணு நாளா சுவரடியில தட்டு அப்படியே இருக்கு நர்சம்மா. எறும்புதான் மொய்க்குது."

"நல்லதுதானே. போயிட்டா போல."

அவள் சதுக்கத்தைப் பார்த்தாள். அங்கே யோவானா மரத்தடியில் தனியாக நின்று, வெயிலில் இரண்டு கையையும் நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போயிட்டாளான்னுதான் தெரியல," என்றாள் பெர்பெத்துவா.

எட்டு மாதம் கழித்து, தெற்கிலிருந்து குளிர்காற்று அடிக்கும் ஜூலையில், கைக்குழந்தைகளுக்கு ஊசி போட மறுபடி போனேன். பழைய கட்டடத்தில் தங்கவில்லை. பள்ளிக்கூடத்தை ஒட்டிய சமையலறையில் படுக்கை போடச் சொன்னேன்.

வாத்தியார் பத்து வருடம் மூத்தவர்போல் ஆகியிருந்தார். சூடான சோளச் சிச்சாவைக் குவளையில் ஊற்றிக்கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"யோவானா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. நல்லா சாப்பிடுறா. வீட்டு வேலை செய்யுறா. சின்னப் பிள்ளைங்களைக் கண்டா விடவே மாட்டேங்கிறா, தூக்கி இடுப்புல வெச்சுக்குறா. முன்னெல்லாம் பொம்மையைக்கூட ஒழுங்காப் பிடிக்கத் தெரியாது." குவளையைக் கீழே வைத்தார். "ஒண்ணு கேட்கணும். அன்னைக்குக் கதவை மூடினீங்களா?"

இந்த முறை பொய் வாயில் வரவில்லை. "முக்கால் மணி நேரம்," என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து விறகைத் தள்ளிவிட்டு, "காலைல எட்டு மணிக்கு வகுப்புக்கு வாங்க," என்றார்.

போனேன். நாற்பது பிள்ளைகள் கம்பளி போர்த்திக்கொண்டு பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். யோவானா முன் பெஞ்சில் இருந்தாள். என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தாள், வளர்ந்த பெண்ணைப்போல.

வாத்தியார் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். "உள்ளேன் ஐயா," "உள்ளேன் ஐயா," என்று பதில் வந்துகொண்டிருந்தது. கடைசிக்கு வரவர வகுப்பில் சலசலப்பு குறைந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெளியே காற்றும் அடங்கினமாதிரி இருந்தது.

"யோவானா."

முன் பெஞ்சில் இருந்தவள் வாயைத் திறக்கவில்லை. வேறு யாரையோ கூப்பிட்டதுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

சதுக்கத்துக்கு அந்தப் பக்கம், கோயிலை ஒட்டிய பழைய கட்டடத்திலிருந்து, மெலிசாக வந்தது.

"உள்ளேன் ஐயா."

வாத்தியார் குனிந்து பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டார். கை நடுங்கவில்லை. தினமும் போடுகிற கை.